பட்டையின் மறுமுனை

1917. முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. ஹியூ டிஹேவன் என்ற நியூயார்க் இளைஞருக்கு விமானியாக வேண்டும் என்று தீராத ஆசை. அமெரிக்க ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய், பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர்ப்ஸில் பயிற்சி விமானியாகச் சேர்ந்தார். ஒரு நாள் பயிற்சியின்போது அவருடைய விமானமும் இன்னொரு விமானமும் வானத்திலேயே மோதிக்கொண்டன. மரச் சட்டமும் துணியுமாகச் செய்த அந்த விமானம் தரையில் விழுந்து நொறுங்கியது. டிஹேவனின் கல்லீரலும் கணையமும் பித்தப்பையும் கிழிந்துபோயிருந்தன. ஆனால் மூச்சு இருந்தது.

பிழைத்தது அதிர்ஷ்டம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். படுக்கையில் கிடந்த டிஹேவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. விமானத்தின் மற்ற பாகங்கள் சிதறினாலும், தான் உட்கார்ந்திருந்த காக்பிட் மட்டும் பெரிதாக நசுங்கவில்லை என்பது அவர் நினைவில் நின்றது. வயிற்றுக்குள் ஏற்பட்ட காயங்களை யோசித்துப் பார்த்தார். அவற்றைச் செய்தது தரையல்ல. இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டின் கூர்மையான பக்கிள். பிடித்து வைத்துக் காப்பாற்றிய பெல்ட்டே உள்ளுறுப்புகளைக் கிழித்தும் இருந்தது. அப்படியானால் சாவதும் பிழைப்பதும் தலையெழுத்து இல்லையோ? இந்தக் கேள்வியை அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து திரிந்தார்.

பிறகு ஒரு நாள் சமையலறையில் முட்டைகளை உயரத்திலிருந்து போட ஆரம்பித்தார். தடித்த ரப்பர் மெத்தையில் விழுந்த முட்டைகள் உடையவில்லை. விழும் உயரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, எப்படி நிறுத்தப்படுகிறது என்பதும் தீர்மானிக்கிறது என்று முட்டைகள் சொல்லின. மனிதர்களும் அதையே சொல்வார்களா? 50 அடி முதல் 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொரு விழுதலையும் கணக்குப் போட்டார். 1942இல் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவு அவர் தலைமையில் தொடங்கியது. உடைந்த விமானங்களின் அறிக்கைகள் மேசையில் குவிந்தன. அவற்றில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. பல விபத்துகளில் பெல்ட் அறுந்திருக்கவில்லை. அது எதில் மாட்டியிருந்ததோ அது பெயர்ந்து வந்திருந்தது.

பட்டைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று மனித உடம்பில். மற்றொன்றைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒருவர் கவலைப்பட்டார். ஜான் பால் ஸ்டாப், விமானப்படை மருத்துவர். தண்டவாளத்தில் ராக்கெட் வைத்த சறுக்கு வண்டி ஒன்றை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தினால் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அளப்பது அவர் வேலை. முதலில் ரப்பர் பொம்மையை உட்கார வைத்தார்கள். ஒரு சோதனையில் அதை லேசான பட்டையால் மட்டும் கட்டியிருந்தார்கள். பிரேக் பிடித்ததும் பொம்மை எதிரே இருந்த மரப் பலகையைத் துளைத்துக்கொண்டு பாலைவனத்தில் போய் விழுந்தது. 1947 டிசம்பரில் அந்த இருக்கையில் ஸ்டாப் தானே ஏறி உட்கார்ந்தார்.

1949இல் எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் அங்கே வந்தார். உடலை இருக்கையோடு கட்டும் ஹார்னெஸின் பட்டைகளைப் பிடித்து நிற்கும் கவ்விகளில் எவ்வளவு இழுவிசை விழுகிறது என்று அளக்கும் கருவிகளைக் கொண்டு வந்திருந்தார். மறுமுனையின் கதையை முதன்முதலாக எண்ணில் எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை. வண்டி பாய்ந்தது, நின்றது. கருவியைப் பார்த்தார்கள். பூஜ்யம்! ஒவ்வொரு கருவியையும் இரண்டு விதமாகப் பொருத்த முடியும். அத்தனையும் தப்பான விதத்தில் பொருத்தப்பட்டிருந்தன. தவறாகச் செய்ய ஒரு வழி இருந்தால் யாராவது அந்த வழியில்தான் செய்வார்கள் என்ற பொருளில் மர்ஃபி சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு அந்தக் குழுவின் வாயில் விதியாகி, ‘மர்ஃபியின் விதி’ என்று உலகமெங்கும் பரவியது. அது பிறந்தது ஒரு ஹார்னெஸ் கவ்வியில் என்பது பலருக்குத் தெரியாது.

1954 டிசம்பர் 10. நியூ மெக்ஸிகோவின் ஹாலமன் விமானப்படைத் தளம். ஒன்பது ராக்கெட்டுகள் பொருத்திய ‘சோனிக் விண்ட்’ வண்டியில் ஸ்டாப் கட்டுண்டு உட்கார்ந்தார். ஐந்து விநாடியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்திலிருந்து 1.4 விநாடியில் முழு நிறுத்தம். உடல் எடையைப் போல 46 மடங்குக்கும் மேலான விசை. கண்களுக்குள் ரத்தக்குழாய்கள் வெடித்து, சற்று நேரம் எதுவும் தெரியவில்லை. பார்வை போய்விட்டது என்றே நினைத்தார். ஆனால் திரும்பி வந்தது. பட்டைகள் சரியான இடத்தில் உடலைப் பிடித்திருந்தால், அவற்றின் மறுமுனை அசையாதிருந்தால், மனிதன் நினைத்ததைவிட வலிமையானவன் என்று அன்று தெளிவானது.

தன் விமானப்படை விமானிகளின் இறப்புக் கணக்கைப் பார்த்தபோது ஸ்டாப் திடுக்கிட்டார். வானத்தில் இறந்தவர்களைவிட, விடுமுறையில் காரோட்டி இறந்தவர்கள் அதிகம். மறு ஆண்டே கார் மோதல்களைப் பற்றி நிபுணர்களைக் கூட்டினார். ஆனால் ஐரோப்பாவில் கார்களை வேகமாக ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெல்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பந்தய ஓட்டுநர்களிடம் அன்று ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. விபத்தில் காரிலிருந்து தூக்கி எறியப்படுவதே நல்லது. உள்ளே மாட்டிக்கொண்டால் தீயில் வேக வேண்டும். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. அன்றைய பந்தயக் கார்களில் ஓட்டுநரைச் சுற்றி பெட்ரோல் தொட்டிகள்தான். இந்த நம்பிக்கையை ஒரே வாரக்கடைசியில் ஒரு பந்தயத் தடம் சோதித்துப் பார்த்தது.

1959 ஆகஸ்ட் 1, பெர்லினின் ஆவுஸ் தடம். மழை. பிரெஞ்சு ஓட்டுநர் ஜான் பெஹ்ராவின் போர்ஷே, செங்கல் பதித்த சரிவான வளைவில் நழுவி விளிம்பைத் தாண்டியது. வெளியே எறியப்பட்ட பெஹ்ரா ஒரு கொடிக்கம்பத்தில் மோதி இறந்தார். மறுநாள் அதே தடத்தில் ஜெர்மன் கிராண்ட் ப்ரி. ஹான்ஸ் ஹெர்மனின் பி.ஆர்.எம். காரில் பிரேக் போனது. வைக்கோல் கட்டுகளில் மோதிய கார் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே பறக்க, அவர் தெறித்துத் தரையில் சறுக்கிப் போனார். பெரிய காயம் இல்லை! கார் அந்தரத்தில் சுழல, ஹெர்மன் தரையில் கிடந்து அதைப் பார்க்கும் புகைப்படம் உலகம் சுற்றியது. சனிக்கிழமை ஒரு சாவு, ஞாயிற்றுக்கிழமை ஒரு தப்பித்தல். புகைப்படம் ஞாயிற்றுக்கிழமையின் பக்கமே சாட்சி சொன்னது.

பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரத்து விற்பனையாளரிடம் ஒரு வோல்வோ பிவி544 கார் வந்து இறங்கியது. அதன் கதவுத் தூணில் புதிதாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அதைச் செய்தவர் நீல்ஸ் போலின். சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் எஜெக்ஷன் இருக்கைகளை வடிவமைத்துவிட்டு 1958இல் வோல்வோவுக்கு வந்தவர். அவரை அழைத்த தலைவர் குன்னார் எங்கெலாவ், தன் உறவினர் ஒருவரைச் சாலை விபத்தில் பறிகொடுத்திருந்தார். விமானிக்கு நாலு பட்டை போட்டுக் கட்டலாம், அவர் பொறுத்துக்கொள்வார். கடைத்தெருவுக்குக் காரெடுப்பவர் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க மாட்டார் என்று போலினுக்குத் தெரியும். ஒரே கையால், ஒரே இழுப்பில் போடும்படி இடுப்பையும் மார்பையும் பிடிக்கும் பட்டையைச் செய்தார். அதற்கு முந்தைய பல பெல்ட்டுகளில் பக்கிள் வயிற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தது. டிஹேவனின் உள்ளுறுப்புகளைக் கிழித்த அதே இடம். போலின் அதை இடுப்பின் ஓரத்துக்கு, இருக்கைக்குப் பக்கத்தில் தாழ்வாக நகர்த்தினார். இரண்டு பட்டைகளும் அந்தத் தாழ்ந்த புள்ளியில் வந்து கூடின. மோதலில் உடல் முன்னே பாய்ந்தாலும் பட்டை இடம் நழுவவில்லை. வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றது.

போலினின் பெல்ட்டைப் புகழ்பவர்கள் துணிப்பட்டையைத்தான் புகழ்கிறார்கள். எனக்கோ அவர் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் பெரிதாகப் படுகிறது. எங்கே கட்டுவது என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். வோல்வோ மாதிரித் தொழிற்சாலையில் அந்தப் புள்ளிக்குப் பின்னால் பொறியாளர்கள் இருந்தார்கள், தடித்த இரும்பை வைத்து வெல்டிங் செய்யும் ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவருக்கு யார் இருந்தார்கள்?

அப்படிக் கட்டுகிறவர்கள் இங்கிலாந்தில் ஏராளமாக இருந்தார்கள். வட லண்டனின் ஹார்ன்சியில், தன் தந்தையின் விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயத்தில் தொழிலைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957இல் ‘லோட்டஸ் செவன்’ காரைக் கொண்டுவந்தார். மெல்லிய இரும்புக் குழாய்களைக் கூண்டாகப் பற்றவைத்து, மேலே அலுமினியத் தகடு போர்த்திய, சுமார் அரை டன் எடையே உள்ள கார். முழுதாக வாங்கினால் அரசாங்கத்துக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கி வீட்டில் கோத்துக்கொண்டால் வரி இல்லை. ஆனால் உதிரிகளோடு ‘எப்படிக் கோப்பது’ என்ற கையேடு கொடுக்கக் கூடாது என்பது விதி. சாப்மன் ‘எப்படிக் கழற்றுவது’ என்று கையேடு கொடுத்தார். வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் கோத்தார்கள் என்பது கிட் கார் உலகம் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை. அந்தக் காரில் கூரையும் இல்லை, தலைக்கு மேல் வளையமும் இல்லை. கவிழ்ந்தால் முதலில் தரையைத் தொடுவது ஓட்டுநரின் தலை.

1961இல் ஃபார்முலா ஒன் கார்களுக்கு ரோல் பார் கட்டாயமானது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு குழாய் வளையம். விதி இருந்தது, வளையமும் இருந்தது, ஆனால் அந்த ஆண்டுகளின் படங்களைப் பார்த்தால் பல கார்களில் ஓட்டுநரின் தலைக்கவசம் வளையத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. வளையம் கட்டாயம், பெல்ட் கட்டாயமில்லை. கார் கவிழும்போது ஓட்டுநர் வளையத்துக்குக் கீழேயே இருப்பார் என்பதற்கு யார் பொறுப்பு?

1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் கார் தடம் புரண்டு, ஜாக்கி ஸ்டுவர்ட் பெட்ரோலில் நனைந்தபடி நொறுங்கிய காருக்குள் மாட்டிக்கொண்டார். சக ஓட்டுநர்கள் வந்து, பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கித்தான் அவரை மீட்டார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புக்காக ஓயாமல் வாதாடினார். மெல்ல மெல்ல ஹார்னெஸ் பட்டைகள் காக்பிட்டுக்குள் வந்தன. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே கீழிருந்து வரும் பட்டை. அந்தக் கடைசிப் பட்டை பலருக்குப் பிடிக்கவில்லை.

யோஹன் ரிண்ட்டுக்கும் பிடிக்கவில்லை. தீ பிடித்தால் சீக்கிரம் வெளியேற முடியாது என்று அதை மாட்டாமலே ஓட்டினார். 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சா. சாப்மனின் லோட்டஸ் 72 காரில், பாரபோலிகா வளைவுக்கு முன் பிரேக் பிடித்தபோது கார் திடீரென்று இடப்பக்கம் திரும்பித் தடுப்பில் மோதியது. காரின் முன்பகுதி பிய்ந்தது. கீழே பிடித்து வைக்கப் பட்டை இல்லாததால் ரிண்ட்டின் உடல் இருக்கையில் முன்னோக்கி வழுக்கிக் கீழிறங்கியது. இடுப்பில் இருக்க வேண்டிய பெல்ட் கழுத்துக்கு வந்தது. 28 வயது. அந்த ஆண்டின் உலக சாம்பியன் பட்டம் இறந்துபோன மனிதருக்கே போனது. காப்பாற்ற வந்த பட்டை கழுத்தை அறுத்த அந்த இடத்தை எழுதும்போது, 1917இல் வயிறு கிழிந்து கிடந்த டிஹேவன் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்தும் அதே பாடம், இன்னும் அதிக விலையில்.

1972இல் ஃபார்முலா ஒன் காரில் ஆறு முனை ஹார்னெஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு பிரிட்டனில் கொள்முதல் வரியே ஒழிந்தது. அதே 1973இல் செவன் காரின் உரிமை சாப்மனிடமிருந்து கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிச்சலுகை போனாலும் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் ஆசை போகவில்லை. பந்தயத்தில் பார்த்த ரோல் பாரும் நாலு முனை, ஆறு முனை ஹார்னெஸும் இப்போது ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளின் கைக்கு வந்தன. ஸ்டாப்பின் பாலைவனத்தில் பூஜ்யம் காட்டிய பழைய விதி அவர்களுக்காகக் காத்திருந்தது.

தவறு எளிமையானது. இருக்கைக்குப் பின்னால் ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடாத அலுமினியத் தகடு. அதில் ஒரு துளை. துளையில் நல்ல உறுதியான போல்ட். பின்பக்கம் கடையில் கிடைக்கும் வாஷர், நட். இறுக்கிய பிறகு பட்டையை இழுத்துப் பார்த்தால் மலைபோல நின்றது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 70 கிலோ மனிதர் பட்டைகளை இழுக்கும் விசை கிட்டத்தட்ட ஒரு டன். போல்ட் அதைத் தாங்கும். பட்டையும் தாங்கும். காசளவு வாஷர் மட்டும் தகட்டைப் பிட்டுக்கொண்டு, போல்ட்டோடும் பட்டையோடும் முழுதாக வெளியே வந்துவிடும்.

குழாயில் கட்டினாலும் தீரவில்லை. மெல்லிய குழாயைக் குறுக்கே துளைத்துப் போல்ட்டை இறுக்கினால் குழாய் நசுங்கியது. அதற்குத் துளைக்குள் தடித்த குழல் ஒன்றைச் செருகிச் சுற்றிலும் வெல்டிங் வைக்கப் பழகினார்கள். தோள் பட்டையைத் தாழ்வாகத் தரையில் கட்டினால், மோதலில் அது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கியது. உயரமாகக் கட்ட ரோல் பாரில் குறுக்குக் குழாய் வேண்டும். கட்டியதும் ரோல் பாரின் வேலை இரண்டாகிவிட்டது. கவிழ்ந்தால் மேலிருந்து வரும் எடை, மோதினால் முன்னோக்கி இழுக்கும் இரண்டு தோள்கள். முன்னே சாயாமல் பிடிக்கப் பின்னால் தாங்குகால்கள் வேண்டியிருந்தன. கால்கள் அத்தனையும் கடைசியில் எங்கே ஊன்றி நின்றன? மறுபடியும் ஒரு மெல்லிய தகட்டில், ஒரு மெல்லிய குழாயில்.

கவிழ்ந்த காரின் எடை ஊசிமுனைபோல அந்தக் காலில் இறங்கினால், வளையம் வளையாமல், கால் தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்த இடைவெளி அப்படியே தொலைந்துவிடும்.

விடை உள்ளங்கை அளவில் இருந்தது. துளையைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்று. அவ்வளவுதான். விசையை ஒரு புள்ளியிலிருந்து வாங்கிச் சுற்றிலும் பரப்பிக் கொடுக்கும் வலுவூட்டும் தகடு. சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. அதற்கு எண்ணே வகுத்தது. ஹார்னெஸ் புள்ளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 3 மில்லிமீட்டர் தடிமன். சாதாரண வாஷரைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. ரோல் பாரின் முதன்மைக் கால்களுக்கு 120 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று போல்ட். இடுப்பு, தோள் புள்ளிகள் ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும்.

சாலைக் கார்களுக்கு ஐ.நா.வின் 14ஆம் விதி வந்தது. மூன்று முனைப் பெல்ட்டின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் 13,500 நியூட்டன் வீதம் இழுத்துப் பார்க்க வேண்டும். புள்ளி பெயரக் கூடாது. 1998இல் பிரிட்டன், கொட்டகையில் பிறக்கும் கார்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பரிசோதகர் விளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் எட்டிப் பார்த்தபோது தேடிய பொருள்களில் இந்தத் தகடும் ஒன்று.

தகட்டின் நடுவில் ஒரு நட் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் அளவு 7/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை. மில்லிமீட்டரிலேயே சிந்திக்கும் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்த கார்களில்கூடப் பெல்ட்டை அவிழ்த்தால் பெரும்பாலும் இந்த அங்குல அளவுதான் கைக்கு வரும். எந்த நாட்டுப் பெல்ட்டும் எந்த நாட்டுக் காரிலும் பொருந்த வேண்டும் என்பதால் ஐ.நா. விதியும் அந்தப் பழைய அளவையே ஏற்றுக்கொண்டது.

இன்றும் செவன் வகைக் காரைக் கட்டுகிறவர் இதை ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கிறார். தகட்டின் நான்கு மூலைகளையும் அரத்தால் தேய்த்து உருட்டுகிறார், கூர்மூலை இருந்தால் அது அலுமினியத்தைக் கிழிக்கும் என்பதற்காக. குழாய்ச் சட்டகத்தோடு சேர்த்துச் சுற்றிலும் வெல்டிங் வைக்கிறார். ஆறியதும் துருவைத் தடுக்கும் சாயத்தை இரண்டு பூச்சாகப் பூசுகிறார். போல்ட்டை முதலில் விரலாலேயே திருகி, மரை சுத்தமாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்கிறார். கடைசியாக அதன்மேல் கார்பெட்டை விரித்து ஓரத்தை ஒட்டுகிறார்.